சிவகிரியின் பழைய பேட்டரிகள் எங்கே போகின்றன?

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது சிவகிரி. வயலும் தோப்பும் சூழ்ந்த ஊர். ஆலைக் கழிவுக்கும் இந்த ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டென்று சொன்னால் உள்ளூர்க்காரர்களே நம்பமாட்டார்கள். ஆனால் 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டுக் காலத்தை அவர்கள் மறந்திருக்க முடியாது. சென்னைக்கு வெளியே இருந்த மாவட்டங்களில், 2012-இல், நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் நின்ற நாட்கள் உண்டு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு விளக்கு வேண்டும். கைக்குழந்தைக்கு மின்விசிறி வேண்டும். கொஞ்சம் வசதி உள்ள வீடுகளிலெல்லாம் இன்வெர்ட்டர் நுழைந்தது அப்போதுதான்.

மின்வெட்டு குறைந்த பின்னும் இன்வெர்ட்டர் வீட்டைவிட்டுப் போகவில்லை. அதன் அடியில் உட்கார்ந்திருக்கும் பேட்டரியின் எடை ஏறக்குறைய ஐம்பது கிலோ. அதில் பாதிக்கு மேல் ஈயம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பின் வெள்ளீயம் அல்ல இது, காரீயம். நாலைந்து வருடத்தில் பேட்டரி ஓய்ந்துவிடும். கடைக்காரர் புதியதைக் கொண்டுவந்து வைத்து, பழையதன் விலையைக் கழித்துக்கொண்டு எடுத்துப்போவார். டிராக்டர், ஆட்டோ, லாரி பேட்டரிகளுக்கும் இதே கதைதான். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம்போல் அல்ல இது. பழைய பேட்டரிக்கு நல்ல ரொக்கம் கிடைக்கும். அதனால் அதை யாரும் குப்பையில் வீசுவதில்லை.

அப்படி எடுத்துப்போகிற பேட்டரி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. சிவகிரியில் விளக்கு எரிந்ததற்கான விலையை வேறு ஏதோ ஊரில், ஏதோ ஒரு தொழிற்பேட்டையின் பின்புறத்துக் குடியிருப்பில், ஒரு குழந்தையின் ரத்தம் கட்டிக்கொண்டிருக்கிறதா என்பது நாம் எல்லோரும் கேட்டாக வேண்டிய கேள்வி.

உலகில் எடுக்கப்படும் ஈயத்தில் எண்பது சதவீதத்துக்கும் மேல் பேட்டரிக்கே போகிறது. ஈயத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு: எத்தனை முறை உருக்கினாலும் திரும்பப் பயன்படுத்தலாம். முறையாகச் செய்தால் பழைய பேட்டரி கழிவே அல்ல, மூலப்பொருள். மூடிய எந்திரத்தில் உடைத்து, அமிலத்தைச் சமன்படுத்தி, புகைபோக்கியில் தூசி வடிகட்டி வைத்து, தொழிலாளிக்கு முகக்கவசமும் குளியலறையும் கொடுத்து உருக்குகிற ஆலைகள் இருக்கின்றன. ஆனால் ஈயம் 327 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். விறகடுப்பும் இரும்புச் சட்டியும் போதும். கோடரியால் பேட்டரியைப் பிளந்து, அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றி, தகட்டைப் பிரித்து, திறந்தவெளி உலையில் கரி போட்டு உருக்குவதற்கு உரிமமும் வேண்டாம், வடிகட்டியும் வேண்டாம். செலவு குறைவு என்பதால் அவர்களால் பழைய பேட்டரிக்குக் கூடுதல் விலை கொடுக்க முடிகிறது. நேர்மையாக வடிகட்டி மாட்டியவர் ஏலத்தில் தோற்கிறார். சந்தை இப்படித் தலைகீழாக நிற்கும்வரை எத்தனை சோதனை நடத்தினாலும் ஒரு பட்டறை மூடினால் இன்னொன்று ஊருக்கு வெளியே திறக்கும்.

ஊருக்கு வெளியே என்றால் எங்கே? பட்டா இல்லாத நிலம், ஓடைக்கரை, குப்பைக் கிடங்கின் ஓரம், காலனியை அடுத்த புறம்போக்கு. புகார் கொடுத்தால் காவல் நிலையத்தில் உட்காரவைத்து விசாரிக்கப்படுகிற மக்கள் வாழும் இடம். அபாயமான தொழில்கள் இடம் தேர்ந்தெடுக்கும்போது காற்றின் திசையைப் பார்ப்பதில்லை. எதிர்ப்பின் பலத்தைத்தான் பார்க்கின்றன. சென்னையில் அனல்மின் நிலையமும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், உர ஆலையும் ஏன் வடக்கே போய்ச் சேர்ந்தன, அடையாற்றுக்குத் தெற்கே ஏன் வரவில்லை என்று எண்ணூர், மணலி மக்கள் பல வருடங்களாகக் கேட்டுவருகிறார்கள். 2023 டிசம்பரில் மட்டும், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய்க் கசிவையும் மாதக் கடைசியில் அம்மோனியா வாயுக் கசிவையும் அதே எண்ணூர் வட்டாரம்தான் சந்தித்தது. இதைத்தான் சுற்றுச்சூழல் நீதி என்ற பெயரில் உலகம் பேசுகிறது: வசதியின் பயன் ஓரிடத்தில், அதன் நஞ்சு வேறோர் இடத்தில் சேர்வது இயற்கை அல்ல, ஒரு முடிவு.

அந்த நஞ்சு எவ்வளவு கொடியது என்பதற்கு செனகல் நாட்டின் தலைநகர் டக்காரை ஒட்டிய தியாரோய் சுர் மேர் ஒரு சாட்சி. அங்கே பழைய பேட்டரிகளை உடைத்த மண்ணில் ஈயத் துண்டுகள் கிடந்தன. விலை ஏறியதும் பெண்கள் அந்த மண்ணைச் சலித்து வீட்டுக்கு எடுத்துவந்தார்கள். பிள்ளைகள் பக்கத்தில் விளையாடின. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். முதலில் காரணமே யாருக்கும் புரியவில்லை.

இப்படிக் கொத்தாகச் சாவு விழுந்தால் உலகம் திரும்பிப் பார்க்கும். ஈயம் பெரும்பாலும் அப்படிக் கொல்வதில்லை. அதற்கு மணமில்லை. வாயில் பட்டால் லேசாக இனிக்கும் ஈயச் சேர்மங்களும் உண்டு. உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து ஏமாந்துபோய் எலும்பில் சேமித்துக்கொள்கிறது. அங்கே பல பத்தாண்டுகள் தங்கும். பெண் கருவுற்றால், குழந்தைக்காக எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது கூடவே ஈயமும் இறங்கி நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். சின்ன வயதில் பட்டறைக்குப் பக்கத்தில் வளர்ந்த பெண்ணின் ஈயம், இருபது வருடம் கழித்து அவள் பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பதும் அந்த நிறுவனத்தின் முடிவு.

சென்னையிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். ஆய்வு 2009-இல் வெளியானது. 100 மில்லி ரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. இப்போது 5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் 3.5-ஐத் தாண்டினாலே அந்தக் குழந்தையைக் கவனிக்க ஆரம்பிக்கிறார்கள். சென்னைக் குழந்தைகளின் சராசரியோ அதைப்போல மும்மடங்கு. அந்தப் பிள்ளைகளின் நடத்தையை மதிப்பிட்டபோது, ரத்தத்தில் ஈயம் கூடக் கூடப் பதற்றமும், மற்றவர்களோடு ஒட்டாத தன்மையும், ஓரிடத்தில் கவனம் நிற்காத குறைபாடும் கூடியிருந்தன. அதே திட்டத்தின் இன்னோர் ஆய்வு, கண்ணால் பார்த்ததைக் கையால் வரைகிற திறனும் பாதிக்கப்படுவதைக் காட்டியது.

1979-இல் அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, அவற்றிலிருந்த ஈயத்தை அளந்து, ஆசிரியர்கள் தந்த மதிப்பீட்டோடு ஒப்பிட்டபோதும் இதேதான் தெரிந்தது. பற்களில் ஈயம் அதிகமாக இருந்த பிள்ளைகளைத்தான் ஆசிரியர்கள் அடங்காதவர்கள், கவனமில்லாதவர்கள் என்று குறித்திருந்தார்கள்.

நம் வகுப்பறைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். "படிப்பு ஏறல", "ஒரு இடத்துல உக்காரமாட்டேங்கான்" என்று ஆசிரியர் சொல்கிறார். அம்மா தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறார். அப்பா பெல்ட்டை எடுக்கிறார். எட்டாம் வகுப்போடு பையன் வேலைக்குப் போகிறான். சில இடங்களில் அப்பா போகிற அதே பட்டறைக்கே போகிறான். பிள்ளைகள் படிக்காமல் போவதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு, எல்லாவற்றையும் ஈயத்தின் தலையில் கட்டுவது தவறு. ஆனால் இருக்கக்கூடிய காரணங்களில் ஒன்றை யாரும் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்காமல், பழியை மட்டும் பிள்ளையின் மேலும் தாயின் மேலும் போடுவது அதைவிடப் பெரிய தவறு. ஒரு சமூகத்தின் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாக மக்கு என்று சொல்லிவந்திருக்கிற நாட்டில் இது சாதாரண அநீதி அல்ல.

ஏழைப் பிள்ளைக்கு நஞ்சு அதிகம் கிடைக்கிறது என்பதோடு அநீதி நின்றுவிடவில்லை. கிடைத்த நஞ்சை அதன் உடம்பு அதிகமாக உறிஞ்சவும் செய்கிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தைத் தாராளமாக உள்ளே விடும். வெறும் வயிறு இன்னும் மோசம். தேசியக் குடும்பநல ஐந்தாவது ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மண்தரை வீடு, தவழ்கிற வயது, வாயில் கைவைக்கிற பழக்கம், அதோடு ரத்தசோகை. இந்த நான்கும் ஒரே குடிசையில் சேர்ந்திருந்தால், அதே தெருமுனையில் மாடி வீட்டில் இருக்கிற குழந்தையைவிட இந்தக் குழந்தை அதிகமாகச் சுமக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தை ஈயத்தை மனத்தில் வைத்து யாரும் கொண்டுவரவில்லை. ஆனாலும் காலையில் வயிறு நிறைந்த பிள்ளையின் குடல் ஈயத்தைக் குறைவாகவே ஏற்கும். சத்துணவு முட்டைக்கும் கீரைக்கும் இந்தக் கணக்கிலும் ஒரு பங்கு உண்டு. தமிழ்நாடு தன்னை அறியாமலே ஒரு கேடயத்தைச் செய்து வைத்திருக்கிறது. எதற்கு எதிரான கேடயம் என்று மட்டும் இன்னும் அளந்து பார்க்கவில்லை.

நஞ்சைத் தடுக்க நமக்குத் தெரியாமல் இல்லை. பெட்ரோலில் கலந்திருந்த ஈயத்தை நாடு முழுக்க 2000 பிப்ரவரிக்குள் நிறுத்தினோம். 1997-இல் ஜார்ஜ் அறக்கட்டளையின் ஆய்வில் மும்பைக் குழந்தைகளில் 61.8 சதவீதம் பேருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. பெட்ரோல் மாறிய பின் அதே நகரில் நடந்த ஆய்வில் அது 33.2 சதவீதமாக இறங்கியது. அரசின் ஒரு முடிவு லட்சக்கணக்கான மூளைகளைக் காப்பாற்றிய கதை இது. வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறையானது. பட்டாசில் ஈயம் எந்த வடிவிலும் இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜூலை 31 அன்று உத்தரவிட்டது. அதே உத்தரவில் ஆர்சனிக், பாதரசம், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றுக்கும் தடை.

2015-ஐயும் நினைவுபடுத்திக்கொள்ளலாம். உத்தரப் பிரதேசத்தில் எடுத்த மேகி நூடுல்ஸ் மாதிரி ஒன்றில், அனுமதித்த பத்து லட்சத்தில் 2.5 பங்குக்குப் பதிலாக 17.2 பங்கு ஈயம் இருப்பதாகச் செய்தி வந்ததும் நாடு கொந்தளித்தது. தமிழ்நாடு அரசு ஜூன் 4 அன்றே மூன்று மாதத் தடை போட்டது. மறுநாள் நாடு முழுக்கத் தடை. சோதனை நடந்த விதம் சரியில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஆகஸ்டில் தடையை நீக்கியது; மறுசோதனைக்குப் பின் பாக்கெட்டுகள் கடைக்குத் திரும்பின. அந்த வழக்கின் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பாக்கெட்டில் ஈயம் இருக்கிறது என்ற சந்தேகத்துக்கே அசைந்த அரசு எந்திரம், 756 குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்று அச்சில் வந்த ஆதாரத்துக்கு அசையவில்லை. நூடுல்ஸ் எல்லோர் வீட்டுச் சமையலறையிலும் இருந்தது. பெட்ரோல் புகையை நீதிபதியின் பிள்ளையும் சுவாசித்தது. பேட்டரிப் பட்டறையின் புகை மட்டும் தெரு பார்த்துப் போகிறது.

சட்டமும் அதே தெருவில்தான் தடுமாறுகிறது. 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே ஈய நஞ்சு, மருத்துவர் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில்நோயாகப் பட்டியலிடப்பட்டது. உள்ளே வேலை செய்கிற தொழிலாளிக்காவது ஏட்டில் ஒரு பாதுகாப்பு இருந்தது. ஆலைச் சுவருக்கு வெளியே விளையாடுகிற குழந்தையின் ரத்தத்தில் அதே ஈயம் இருந்தால் அதைத் தெரிவிக்கும் கடமை யாருக்கும் இல்லை. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-இல் நம் வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் உறுதிப்படுத்தியது. அந்தக் கொள்கை உயிர்பெற வேண்டுமானால் யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்ற கணக்கு வேண்டும். அளக்காத இடத்தில் ஈடு கேட்க முடியாது.

அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரத்தில் 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கக் குடிநீரின் மூலத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும், வேலையிழந்த, ஏழை நகரம் அது. தண்ணீர் பழைய ஈயக் குழாய்களை அரித்து வீட்டுக்குள் கொண்டுவந்தது. மக்கள் பாட்டிலில் பிடித்த பழுப்புத் தண்ணீரைக் கூட்டங்களில் தூக்கிக் காட்டியும் அதிகாரிகள் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றே சொன்னார்கள். 2015-இல் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, தன் மருத்துவமனையில் ஏற்கெனவே இருந்த குழந்தைகளின் ரத்தப் பரிசோதனைப் பதிவுகளை எடுத்து, தண்ணீர் மாறுவதற்கு முன்னும் பின்னும் என்று பிரித்துக் காட்டினார். ஈயம் உயர்ந்திருந்தது. அதன் பிறகு யாராலும் மறைக்க முடியவில்லை. பதிவுகள் இருந்ததால் அந்த நகரத்துக்கு நியாயம் கேட்க முடிந்தது.

கென்யாவின் மொம்பாசாவில் ஓவினோ உஹுரு என்ற குடிசைப் பகுதியை ஒட்டிப் பழைய பேட்டரிகளை உருக்கும் ஆலை வந்தது. அதில் வேலைக்குச் சேர்ந்த ஃபிலிஸ் ஒமிடோவின் கைக்குழந்தை நோயில் விழுந்தது. மலேரியா இல்லை, டைஃபாய்டு இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் ரத்தத்தில் ஈயம் பார்த்தார்கள். தாய்ப்பால் வழியாகப் போயிருந்தது. ஒமிடோ வேலையை விட்டுவிட்டு, குடியிருப்பின் மற்றப் பிள்ளைகளையும் பரிசோதிக்க வைத்தார். போராடினார், கைதானார். 2014-இல் ஆலை நின்றது. 2020-இல் நீதிமன்றம் அந்த மக்களுக்கு 130 கோடி கென்ய ஷில்லிங் இழப்பீடு விதித்தது; மேல்முறையீட்டில் விழுந்த அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மீட்டுக்கொடுத்தது. ஒரு தாயின் பிடிவாதமும் ஒரு ரத்தப் பரிசோதனையும் இல்லாவிட்டால் ஓவினோ உஹுரு என்ற பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்தியாவில் அப்படி எத்தனை பெயர்கள் தெரியாமல் கிடக்கின்றன? யுனிசெஃப் அமைப்பும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயத்தைச் சுமக்கும் குழந்தைகள் உலகில் 80 கோடி; அதில் 27.5 கோடி பேர் இந்தியாவில். 2022-இல் நிதி ஆயோக்கும் சிஎஸ்ஐஆரும் சேர்ந்து தயாரித்த அறிக்கை 23 மாநிலங்களின் சராசரி அந்த எல்லையைத் தாண்டியிருப்பதாகச் சொன்னது. இரண்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, கணக்குப் போட்டு எட்டிய எண்கள். வீடு வீடாகப் போய், ஊர் ஊராக அளந்த தேசியக் கணக்கு ஒன்று நம்மிடம் இல்லை.

அதற்கு வழியில்லாமல் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வுக்காகக் குழந்தையின் விரலைக் குத்தித்தான் ரத்தசோகையைப் பார்த்தார்கள். அதே குத்தலில் இன்னும் இரண்டு சொட்டு எடுத்தால், கையில் தூக்கிப்போகிற சிறிய கருவி மூன்று நிமிடத்தில் ஈய அளவைச் சொல்லிவிடும். ஜார்ஜியா என்ற சின்ன நாடு 2018-இல் தன் குடும்ப ஆய்வோடு ஈயப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்தது. பரிசோதித்த குழந்தைகளில் 41 சதவீதம் பேர் 5 மைக்ரோகிராம் எல்லையில் அல்லது அதற்கு மேல் இருந்தார்கள். எண் கையில் கிடைத்ததும் அந்த நாடு மசாலாப் பொடிகள்வரை போய்த் தேட ஆரம்பித்தது. வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேட் கலப்பதை ஆய்வாளர்கள் 2019-இல் வெளிப்படுத்தினார்கள். அரசு சந்தையில் சோதனை போட்டது, அபராதம் விதித்தது, பத்திரிகைகள் எழுதின. சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த கலப்படம் 2021-இல் ஒன்றில்கூட இல்லை. ஈயத்தை ஒழிக்க ஒரு தலைமுறை ஆகும் என்பவர்கள் டாக்கா மசாலாச் சந்தையைப் பார்க்கட்டும். இரண்டே வருடம்.

தென்மாவட்டங்களில் இதை எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியதே இல்லை. சிவகிரியிலிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினால் சிவகாசி. பட்டாசுக்கும் அச்சுக்கும் பெயர்போன ஊர். பட்டாசு படபடவென்று வெடிக்கவும் மினுங்கவும் ஒரு காலத்தில் ஈய ஆக்சைடு சேர்ப்பது வழக்கம். 2017 உத்தரவு அதைத் தடுத்துவிட்டது. அதற்கு முன்னே பல வருடம் அந்தப் பொடியைக் கையாண்ட பெண்களின் எலும்புக்குள் அந்த உத்தரவு போக முடியாது. ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கிக் கோத்த அச்சுத் தொழிலாளிகளின் தலைமுறையும் இங்கே இருந்தது. இவர்களில் யாருக்கும் ஈயத்துக்காக ரத்தம் பார்த்ததாகப் பொதுவில் ஒரு கணக்கு இல்லை. பேட்டரிக் கடைகளில் கை உறையில்லாமல் அமிலத்தைக் கொட்டுகிற இளைஞர்களுக்கும் அப்படித்தான்.

மருத்துவக் கல்லூரிகளால் இதைச் செய்ய முடியாது என்றும் சொல்ல முடியாது. தூத்துக்குடி செம்பு உருக்காலையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் வாழும் 80,000-க்கும் மேற்பட்டவர்களின் உடல்நிலையை 2006-07-இல் ஆய்வு செய்தது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறைதான். அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே மாதம் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். ஆலையைத் திறக்கக் கேட்ட மேல்முறையீட்டை 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மக்களின் உடல்நிலையைப் பற்றிய கணக்குகளைக் காலத்தில் எடுத்து, காலத்தில் பேசியிருந்தால் அந்தத் தெருவில் அத்தனை ரத்தம் சிந்தியிருக்க வேண்டியதில்லை.

எதிர்த்துக் கேட்கும் பழக்கமும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவுகளைத் திருநெல்வேலிப் பக்கம் கொட்டிவிட்டுப் போனபோது மக்கள் கொதித்தார்கள்; பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது; கேரள அரசே லாரி அனுப்பித் தன் குப்பையை அள்ளிக்கொண்டு போனது. ஊசியும் பஞ்சும் கண்ணுக்குத் தெரிந்தன, நாறின. ஈயம் நாறாது. அதனால்தான் அதற்குக் கருவி வேண்டியிருக்கிறது. நம் பேட்டரி வேறோர் ஊரில் உடைபடும்போது, நாம் அந்த ஊருக்குக் கேரளம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எல்லாப் பட்டறைகளையும் மூடு என்பது சுலபமான கோஷம். அது வேலையையும் தின்னும், நஞ்சையும் இன்னும் ஆழமான மறைவுக்குத் தள்ளும். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், விற்ற பேட்டரியைத் திரும்பப் பெற்றுப் பதிவுபெற்ற ஆலைக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. அந்தப் பொறுப்பு சென்னையிலும் கோவையிலும் முடிந்துவிடாமல் சிவகிரிக் கடைவீதி வரை வர வேண்டும். பதிவுபெற்ற வழியில் கொடுக்கிற கடைக்காரருக்குத் திருட்டு உலைக்காரர் தருவதைவிட ஒரு ரூபாயாவது கூடுதலாகக் கிடைக்கும்படி தயாரிப்பாளர்கள் விலை வைக்க வேண்டும். அதற்கான பணம் புது பேட்டரியின் லாபத்தில் இருக்கிறது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஈயம் உருக்கும் ஆலை ஒவ்வொன்றின் பெயரையும் இடத்தையும் சுற்றுவட்ட மண்ணில் உள்ள ஈய அளவையும் தமிழில் வெளியிட வேண்டும். அந்த ஆலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் அங்கன்வாடிகளில் முதலில் பரிசோதனை தொடங்க வேண்டும். வீட்டு வாசலுக்கே போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிற மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் நடக்கிற மாநிலம் இது. விரல் நுனியிலிருந்து இரண்டு சொட்டு ரத்தம் எடுப்பது அதன் சக்திக்கு அப்பாற்பட்டது அல்ல.

அரசு அசையும்வரை வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. பேட்டரிக் கடையிலோ பெயின்டிங் வேலையிலோ இருப்பவர்கள் வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள். குளித்து, உடுப்பை மாற்றி, அதைத் தனியாகத் துவையுங்கள். பழைய பெயின்டைச் சுரண்டும்போது கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பக்கத்தில் இருக்க வேண்டாம். தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். தள்ளுவண்டியில் வாங்கிய மலிவான அலுமினியக் கலவைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்துவிட்டு மறுநாள்வரை விடாதீர்கள்; அத்தகைய சில இந்தியப் பாத்திரங்களிலிருந்து ஈயம் இறங்குகிறது என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. பிள்ளைக்குக் காலையில் ஏதாவது கொடுத்து அனுப்புங்கள், முருங்கைக்கீரையும் கேழ்வரகும் வாரத்தில் சில நாளாவது இருக்கட்டும்.

அடுத்த முறை இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்றும்போது, பழையதைத் தூக்கிக்கொண்டு போகிறவரிடம் அது எந்த ஆலைக்குப் போகிறது என்று கேளுங்கள். ரசீதில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால், அந்தக் கேள்வியை அப்படியே எழுதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும், உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள்.